போர் நடக்கும் இரவில் யார் சொல்வதை நம்புவது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறீர்கள், அண்ணன் ராணுவத்தில். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த மூன்று நான்கு இரவுகளில் தெரு வாட்ஸ்அப் குழுவில் கராச்சி துறைமுகம் காலி, ஏடிஎம் மூடப் போகிறார்கள், பெட்ரோல் தீரப் போகிறது என்று வந்துகொண்டே இருந்தது, டிவியைப் போட்டால் அவர்களும் அதையே கத்தினார்கள், விடிந்து பார்த்தால் பெரும்பாலானது பொய், அம்மா அத்தனை ராத்திரியும் தூங்கவில்லை. இனிமேல் இப்படி ஒன்று வந்தால் யாரை நம்புவது, அந்த நேரத்துக்கு மட்டும் சமூக ஊடகத்தை அரசு மொத்தமாக நிறுத்திவிட்டால் நாட்டுக்கு நல்லதுதானே, குழுவின் அட்மினாக இருக்கும் எனக்குச் சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி வீடியோவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, அதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். சரியான தகவல் வர நேரமாகும் ஒரு ராத்திரியில், அது வந்து சேரும்வரை ஒரு குடும்பமும் ஒரு தெருவும் ஓர் அரசும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி சேலம் மாவட்டத்தில்தான். மழைக்காலம் வந்தால் 1077 என்ற எண்ணில் இயங்கும் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் இருப்பேன். மேட்டூரில் உபரித் தண்ணீர் திறந்தால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது, ஏற்காடு மலைப்பாதையில் பாறை விழுந்தால் ஆள் அனுப்புவது, வதந்தி கிளம்பினால் மறுப்பு எழுதிக் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. ஆகவே வெள்ளம், மண்சரிவு, வதந்தி பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. ராணுவத்தில் இருந்ததில்லை, போர்க்காலத் தகவல் பற்றிச் சொல்வதெல்லாம் எல்லாரும் படிக்கக்கூடிய பதிவுகளை வைத்துத்தான். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள், மே 7 அதிகாலையில் ஆபரேஷன் சிந்தூர் என்ற பெயரில் நம் படைகளின் பதிலடித் தாக்குதல், மே 10 மாலையில் சண்டை நின்றது. இடையில் இருந்த நாட்களில், முக்கியமாக மே 8 இரவில், ஆர்மா 3 என்கிற கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மையான தாக்குதல் என்று ஊரெல்லாம் ஓடின. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு விமானங்களை இழந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது போலவும், நம் வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்பது போலவும் ஏஐ வைத்துச் செய்த வீடியோக்கள் வந்தன. ஏடிஎம் இரண்டு மூன்று நாள் இயங்காது, விமான நிலையங்களுக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள் என்பதையெல்லாம் மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் பிரிவு பொய் என்று அறிவித்தது. எரிபொருள் போதுமான அளவு கையிருப்பில் இருக்கிறது, பதறிப்போய் வாங்க வேண்டாம் என்று இந்தியன் ஆயில் நிறுவனம் அறிக்கை விட வேண்டி வந்தது. கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டது என்று சொன்னவை முகம் தெரியாத கணக்குகள் மட்டும் இல்லை, சில தேசியத் தொலைக்காட்சிகளும்தான், அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இதனால் ராணுவத்துக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். அந்த மே மாதக் கடைசியில் சிங்கப்பூரில் பேசிய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் அனில் சவுகான், நடவடிக்கையின்போது 15 சதவீத நேரம் பொய்ச் செய்திகளைச் சமாளிப்பதிலேயே போனது என்று சொன்னார். சண்டைக்கு நடுவில் அவ்வளவு நேரம் போவது சின்ன விஷயம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதிலும் ஓரளவு தெளிவு இருக்கிறது. வதந்திக்கு ஃபோன் தேவையில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் மெட்ராஸே காலியாகிற மாதிரி மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள், அன்றைக்கு வாட்ஸ்அப் ஏது. அந்தப் போர்க்காலத்து வதந்திகளை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஒன்று சொன்னார்கள்: விஷயம் நம் உயிரையோ வீட்டையோ தொட வேண்டும், அதோடு விவரம் தெளிவில்லாமல் இருக்க வேண்டும், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வதந்தி வளரும், ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் எடுபடாது. அண்ணன் எல்லையில் இருக்கிறார் என்பதை யாராலும் மாற்ற முடியாது, ஆனால் தெளிவின்மையைக் குறைக்க அரசால் முடியும். 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளைப் பார்த்து, உண்மையைவிடப் பொய் வேகமாகவும் அதிகம் பேரிடமும் போகிறது என்று கண்டது, அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம் என்றும் சொன்னது. ஆனால் அது திறந்த வெளியான ட்விட்டர். நம் ஊர்க் குடும்பக் குழுக்கள் மூடிய அறைகள், வெளியிலிருந்து யாரும் அந்த மாதிரி அளந்துவிட முடியாது, அதனால் அதே கணக்கு அப்படியே வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். என் அனுபவத்தில், பொய்யை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏமாந்துவிடக்கூடாதே என்ற அக்கறையில்தான் அனுப்புகிறார்கள்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். நம் மாவட்டத்தில் ஓர் அரசுத் தகவல் இருக்கிறது, அதை யாரும் சந்தேகப்படுவதில்லை: மேட்டூர் அணை நீர்மட்டம். காலை 8 மணி நிலவரப்படி நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி. பேப்பரில் வரும், ரேடியோவில் வரும், இப்போது ஃபோனிலும் வருகிறது. அணை 1934இல் திறந்தது, முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி, இந்த எண்கள் எடப்பாடிப் பக்கத்து விவசாயிக்கும் மனப்பாடம், தஞ்சாவூர் விவசாயிக்கும் மனப்பாடம். இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளம் வரும் நாளில் மட்டும் சொல்லியிருந்தால் வந்திருக்காது. தண்ணீர் வற்றிப் போய் அணைக்குள் மூழ்கிக் கிடந்த பழைய நந்தி சிலை தெரிகிற வருஷத்திலும் சொன்னார்கள், சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு மட்டம் இறங்கியபோதும் அதே எட்டு மணிக்குச் சொன்னார்கள். எண் தப்பாக இருந்தால் கரையில் நிற்கிறவன் கண்டுபிடித்துவிடுவான், அதுவும் சொல்கிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் 2018 ஆகஸ்ட் மாதிரி ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போய் 16 கண் மதகு வழியாகத் தண்ணீர் பாய்ந்த சமயத்தில், தங்கமாபுரிபட்டணத்திலும் பூலாம்பட்டியிலும் தண்டோரா போட்டதும் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு சனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள், நாங்கள் வாதாட வேண்டியிருக்கவில்லை. கூடவே இன்னொன்றும் செய்வோம், என் பார்வையில் அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போவோம். இரவு பத்து மணிக்கு மறுபடி சொல்கிறோம் என்று சொல்லிவிட்டால், பத்து மணி வரை வரும் கதைகளுக்குப் பாதி பலம் போய்விடும். அந்தப் பத்து மணிக்குப் புதுசாக ஒன்றும் இல்லையென்றாலும் போய், மாற்றம் ஏதும் இல்லை, அடுத்தது காலையில் என்று சொல்ல வேண்டும். அதைத் தவறவிட்டால் மறுநாள் நம்மை யாரும் கேட்கமாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். அணை நிரம்பும் வருஷங்களில் மேட்டூர் அணை உடையப் போகிறது, சேலமே மூழ்கிவிடும் என்று ஒரு குரல் பதிவு கிளம்பும். நீங்கள் சேலத்துக்காரர், இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அணை விளிம்பு வரை நிரம்பினாலும் அதன் நீர்மட்டம் 241 மீட்டர்தான். காவிரி மேட்டூரிலிருந்து பவானி, ஈரோடு என்று தெற்கே போகிறது, நம் பக்கம் திரும்புவதே இல்லை. நம் ஊருக்குள் தண்ணீர் வந்தால் அது சேர்வராயன் மலை மழை, திருமணிமுத்தாறு வழியாக வருவது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை, மலைப்பாதையில் பல இடத்தில் மண் சரிந்து குப்பனூர் வழியாக வண்டிகளைத் திருப்பிவிட வேண்டி வந்தது. அந்த நேரத்தில் வேறு ஏதோ மலையில் வேறு ஏதோ வருஷம் எடுத்த மண்சரிவு வீடியோவும் கூடவே சுற்றியது. அதைப் பொய் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தக் கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் உண்மையிலேயே சரிந்திருக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மக்கள் கேட்பார்கள். கையில் பிடித்துக்கொள்ள ஓர் உண்மையைக் கொடுக்காமல் பொய்யை மட்டும் பிடுங்கினால் அந்த இடத்தில் இன்னொரு பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மறுப்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு மாநிலச் சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். நம் ஊரில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, கட்டட வேலை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் என்று எல்லா இடத்திலும் வடமாநிலத்து ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பயந்ததை நேரில் பார்த்தேன். அது ஹோலி சமயம் வேறு. பண்டிகைக்கு ஊருக்குப் போக சேலம் ஜங்ஷனில் தன்பாத் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருந்த கூட்டத்தைப் படம் எடுத்துப் பயந்து ஓடுகிறார்கள் என்று போட்டால், வதந்திக்கு அதுவே சாட்சியாகிவிடும். நாம் தமிழில் எழுதிய மறுப்பு அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை, ஏனென்றால் பொய் போஜ்பூரியிலும் ஹிந்தியிலும் அவர்கள் ஊர்க் குழு வழியாக வந்தது, பாட்னா பக்கத்திலிருந்து அம்மாவும் மனைவியும் ஃபோன் பண்ணி அழுதார்கள். ஹிந்தி தெரிந்தவர்களைப் பட்டறை பட்டறையாக அனுப்பிய பிறகு, அங்கிருந்தவர்களே தங்கள் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டு நன்றாக இருக்கிறோம் என்று காட்டிய பிறகுதான் அடங்கியது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்துக்கொண்டது, அதுவும் உதவியது. இதற்கு முன்னாலும் 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள், அப்போது மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ்ஸை ஒரு நாளைக்கு ஐந்து என்று அரசு சில நாட்களுக்குக் கட்டுப்படுத்தியது.

அந்த மாதிரிக் கட்டுப்பாடு பலன் தருமா என்பதில்தான் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்துகிடக்கிறது. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள், பழவேற்காட்டிலும் ஓர் உயிர் போனது. அந்த ஆண்டு பல மாநிலங்களில் சுற்றிய ஒரு வீடியோ கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம், கடைசியில் குழந்தையைத் திருப்பி விடும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு என்று குறைத்தது, 2020 ஏப்ரலில் பலமுறை சுற்றி வந்ததை ஒருவருக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று ஆக்கியது. வேகம் குறைந்தது நிச்சயம். ஆனால் 2025 மே மாதத்தைப் பார்த்தவர்கள் யாரும் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லமாட்டார்கள்.

அரசே தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்த சில நாளில் போலீஸ் வெளியிட்ட சந்தேக நபர்கள் பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க மாணவியின் படம் இருந்தது, அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்கு முன்னாலேயே வந்த உளவு எச்சரிக்கையின் மேல் நடவடிக்கை எடுக்காமல் விட்டதும் வெளியே வந்தது, மக்கள் அரசை நம்பவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது. நம் நாட்டில் 2025 மே மாதம் நம் விமானங்கள் ஏதாவது போனதா என்ற கேள்விக்குப் பதில் மூன்று வாரம் கழித்து, அதுவும் சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊடகத்துக்குக் கொடுத்த பேட்டியில்தான் கிடைத்தது. இழப்பு இருந்ததை முப்படைத் தலைமைத் தளபதி ஒப்புக்கொண்டார், எண்ணிக்கையைச் சொல்லவில்லை, ஆறு என்ற பாகிஸ்தானின் கணக்கை மறுத்தார். சண்டை நடக்கும்போது எண்ணிக்கையைச் சொல்லாததை நான் முழுமனதாக ஏற்கிறேன், எதிரிக்கு நம் இழப்பு தெரியக்கூடாது. ஆனால் அந்த மூன்று வாரமும் இரண்டு பக்கத்துக் கதைகளும் அந்த இடைவெளியில் குடியிருந்தன. இப்போது சொல்ல முடியாது, காரணம் இது, சொல்லும் நேரம் வந்ததும் நாங்களே சொல்வோம் என்று தினமும் சொல்வது ரகசியத்தை உடைக்காது. இன்னொரு பக்கம், தினமும் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் ஒரே இடத்தில் வந்து பேசினார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த முகங்களைப் பார்த்தபோது என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நிதானம் வந்தது. அதே மிஸ்ரியை சண்டை நின்றதும் இணையத்தில் குடும்பத்தோடு சேர்த்து ஏசியது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம்.

சரி, மொத்தமாக நிறுத்திவிடலாமே என்ற உங்கள் கேள்வி. அரசுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி குறிப்பிட்ட கணக்கையோ தளத்தையோ முடக்கலாம், தனி விதிகளின்படி ஒரு பகுதியில் இணையத்தையே நிறுத்தலாம். அப்படி நிறுத்தும் உத்தரவு வெளியிடப்பட வேண்டும், தேவைக்கு மிஞ்சக்கூடாது, காலவரையறை இல்லாமல் நீளக்கூடாது என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேரடி ஒளிபரப்பு ஆபத்து என்பதும் உண்மைதான், 2008 மும்பைத் தாக்குதலில் டிவியைப் பார்த்து எல்லைக்கு அப்பாலிருந்து ஃபோனில் வழி சொன்னார்கள், உச்ச நீதிமன்றமே 2012 தீர்ப்பில் ஊடகங்களைக் கண்டித்தது. ஆகவே படை நகர்வை நேரடியாகக் காட்டாதே என்ற தடையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மொத்த முடக்கம் வேறு விஷயம். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள், வதந்தி வாய்வழியாகப் போனது, வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குத்தான் வீட்டு நிலவரம் தெரியாமல் போனது. இலங்கையில் 2019இல் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் தடுத்தபோது தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் தெரிந்தவர்கள் உள்ளே போனார்கள், தெரியாதவர்கள் இருட்டில் இருந்தார்கள். 2025 மே மாதம் 8,000க்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம், அதாவது பழைய ட்விட்டர், சொன்னது, பெரும்பாலான உத்தரவுகளில் எந்தப் பதிவு சட்டத்தை மீறியது என்ற விவரமே இல்லை என்றும் அது சொன்னது, தி வயர் என்ற செய்தி இணையதளத்தையும் ஒரு நாள் தடுத்துவைத்தார்கள். எதிரி நாட்டுப் பிரச்சாரக் கணக்கை முடக்கினால் நான் கைதட்டுவேன். காரணம் சொல்லாமல் முடக்கும்போது, இதை ஏன் மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே உருவாக்குகிறார்கள். வெள்ளத்தில் இணையத்தை நிறுத்தினால் உதவி கேட்கும் வழியும் போய்விடும். 2015 டிசம்பரில் சென்னையில் மாடியில் மாட்டிக்கொண்டவர்களைக் கண்டுபிடித்ததே ட்விட்டரும் வாட்ஸ்அப்பும்தான், அதே வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்யைச் சுமந்ததும் அவைதான். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவிடம் ஒன்று உறுதியாகச் சொல்லுங்கள், படைவீரர் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் வீட்டுக்குத்தான் ராணுவம் தெரிவிக்கும், யாரோ அனுப்பும் ஃபார்வர்டை வைத்து அப்படி ஒரு செய்தியை நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைக் கேட்கலாம், பணியில் இருப்பவர்கள் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுகிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று: அண்ணன் எந்த யூனிட், எங்கே இருக்கிறார், லீவு ரத்தாகித் திரும்பிப் போனார், இதெல்லாம் ஸ்டேட்டஸிலும் குழுவிலும் வரவே கூடாது. 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்னது, ஆனால் அத்தையும் மச்சானும் போடும் பதிவை ராணுவத்தால் நீக்க முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத துணுக்குகள்தான். ஓட்டப்பயிற்சி செயலி ஒன்று 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில் பாலைவனத்து ராணுவ முகாம்கள் தெளிவாகத் தெரிந்தன, ஓடியவர்கள் யாரும் ரகசியம் சொல்வதாக நினைத்திருக்கமாட்டார்கள். சேலம் ஜங்ஷனில் டாங்கி ஏற்றிய சரக்கு ரயில் போனால் பிள்ளைகள் ஆசையாக வீடியோ எடுப்பார்கள், சாதாரண நாளில்கூட அதைப் போட வேண்டாம் என்று நான் சொல்வேன், பதற்றமான நாளில் கட்டாயம் கூடாது.

குழுவுக்கு வந்தால், சண்டையோ வெள்ளமோ தொடங்கிய உடனே அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றிவிட்டுச் சும்மா இருந்தால் ஆட்கள் வேறு குழுவுக்குப் போய்விடுவார்கள், ஆகவே காலை ஒன்று மாலை ஒன்று என்று நேரம் குறித்துப் போடுங்கள்: இதுவரை அதிகாரபூர்வமாகச் சொன்னது இது, இது இன்னும் தெளிவாகவில்லை, அடுத்தது எட்டு மணிக்கு. மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல், பிஐபி, மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம், இவற்றின் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள், அங்கிருந்து எடுத்ததாக யாரோ அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம், அரசு முத்திரையோடு போலி அறிக்கை செய்வது இப்போது ரொம்பச் சுலபம். 2023 அக்டோபரில் எல்லார் ஃபோனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும், அது பேரிடர் எச்சரிக்கைச் சோதனை, அந்த வழியில் வருவதை யாரும் ஃபார்வர்ட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் நேரடியாக வரும். உள்ளூர் விஷயம் என்றால் 1077க்கு ஃபோன் செய்யுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். அரசுத் தரப்பு சொல்வதையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பார்க்காமல், பெயர் போட்டு எழுதும் பத்திரிகை, தப்பு வந்தால் திருத்தம் போடும் பழக்கம் உள்ள பத்திரிகை ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரசுகள் போரில் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

சட்டம் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவு. வேறொருவர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றம் சாட்ட முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னதைப் பின்பற்றி 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்களே போட்டாலோ, போடத் தூண்டினாலோ கதை வேறு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு பீதி கிளப்பும் பொய்த் தகவலுக்கும், 197ஆம் பிரிவு நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு தரும் பொய்த் தகவலுக்கும் மூன்று ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. தப்பான பதிவு கண்ணில் பட்டால் அட்மினாக எல்லாருக்கும் நீக்கிவிடுங்கள், நீக்குவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏன் நீக்கினீர்கள் என்று குழுவிலேயே ஒரு வரி எழுதுங்கள். நான் வக்கீல் இல்லை, ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் ஏதாவது வந்தால் இந்தப் பதிலைக் காட்டாமல் ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.